படுதா ஜிப்ஸிக்குப் பூட்டு: கோத்தகிரியில் செய்த சில வேலைகள்

படுதா போட்ட மாருதி ஜிப்ஸி ஜீப்பில் முன்கதவுகளைப் பூட்டுவதால் பெரிய பயன் இல்லை. பின்பக்கம் முழுக்கத் துணியும் பிளாஸ்டிக் ஜன்னலும்தான். ஷேவிங் பிளேடு ஒன்று இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே கை விடலாம். அதனால் ஆளை வெளியே நிறுத்தும் யோசனையை முதலிலேயே விட்டுவிட்டேன். உள்ளே வந்தவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது, உள்ளே இருக்கும் சாமானைத் தூக்கக் கூடாது. இந்த இரண்டையும் உறுதி செய்வதற்காகச் செய்த வேலைகளும், அதோடு சேர்த்துச் செய்த சில சின்ன மேம்பாடுகளும்தான் இந்தப் பதிவு.

வண்டி 2008 மாடல். 1.3 லிட்டர், 16 வால்வு பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத்திறன். மாருதி 1985-ல் 970 சிசி எஞ்சினோடு ஜிப்ஸியைக் கொண்டுவந்தது. 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சின் வந்தது, 2000-ல் கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனையே நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் பழைய ஜிப்ஸிக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் கிராக்கி கூடியிருக்கிறது. வண்டி முழுசாகப் போனாலும் நஷ்டம், ஒரு கியர்பாக்ஸ் போனாலும் நஷ்டம். எனக்கு இது வார இறுதியில் காட்டுக்குள் ஓட்டும் வண்டி இல்லை. பசங்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, தேயிலை மூட்டை ஏற்றுவது, வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவது எல்லாம் இதில்தான்.

அதனால் வேலையைத் தொடங்கும்போதே மூன்று விஷயங்களைத் தீர்மானித்துக்கொண்டேன். சேஸியில் வெட்டு, ஒட்டு கிடையாது. மேட்டுப்பாளையம் போகும் வழியில் குஞ்சப்பனை வளைவில் வண்டி நின்றுபோனால் அங்கே வரும் எந்த மெக்கானிக்கும் பார்த்துப் புரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். கழற்றினால் பழையபடி ஆகிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் வண்டியைச் சுற்றிப் பார்ப்பார். முந்தைய உரிமையாளர் முன்னால் மாட்டியிருந்த கனமான இரும்பு கார்டை நான் முதல் வேலையாகக் கழற்றினேன். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்த மாதிரி கார்டுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. நடந்து போகிறவர் மேல் வண்டி பட்டால் அந்தக் குழாய் என்ன செய்யும் என்று யோசித்தாலே காரணம் புரிந்துவிடும். அது போனதில் முன் ஸ்பிரிங் பட்டைகளுக்கும் பாரம் குறைந்தது.

சரி, பூட்டு வேலை. முதலில் இக்னிஷன் சாவித் துளை. இத்தனை வருடம் ஓடிய வண்டியில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் தேய்ந்துவிடும். என் வண்டியில் சாவியைப் பாதி செருகியே திருப்ப முடிந்தது. அப்படித் தேய்ந்த துளையில் வேறு ஏதாவது பழைய சாவிகூடச் சுற்றக்கூடும். புது லாக் செட் வாங்கி மாற்றினேன். ஸ்டீயரிங் பூட்டும் அதிலேயே இருப்பதால் அதுவும் இறுக்கமானது. இரண்டு சாவியையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டி களவு போய் இன்சூரன்ஸ் கேட்டால் இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

அடுத்தது மறைவு சுவிட்ச். எதை அறுப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பலரும் ஸ்டார்ட்டர் ஒயரில் சுவிட்ச் வைப்பார்கள். சமவெளியில் அது போதும். மலையில் போதாது. இங்கே எல்லா வண்டியும் சரிவில்தான் நிற்கிறது. கை பிரேக்கை எடுத்து, இரண்டாவது கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் ஸ்டார்ட்டர் இல்லாமலே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஊரில் சின்னப் பையனுக்கும் தெரிந்த வித்தை. அதனால் பெட்ரோல் பம்பை நிறுத்துவதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

பம்புக்குப் போகும் தடித்த ஒயரை அறுத்து சுவிட்ச் வைத்தால், ஓடும் நேரம் முழுக்க நாலைந்து ஆம்பியர் அந்தச் சுவிட்ச் வழியாகப் போகும். மலிவான சுவிட்சின் முனை சூடாகி ஒருநாள் கருகிவிடும், அதுவும் ஏற்றத்தில் லாரிக்கு முன்னால் வண்டி நிற்கும். பம்பின் ரிலேயில் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) இருக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குப் போகும் ஒயரை அறுத்தால் இந்தத் தொல்லை இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தபோது அதில் 0.15 ஆம்பியர்தான் ஓடியது. அவ்வளவு சின்ன கரண்டுக்கு நல்ல தரமான சிறிய சுவிட்ச் ஒன்று வருஷக்கணக்கில் தாங்கும்.

ஒயரைச் சேர்க்கும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மலை ஈரத்தில் டேப்பின் பசை கரைந்து வழிந்துவிடும், செம்பு பச்சை பூக்கும். நான் ஒயரை இணைத்து ஈயம் வைத்து, மேலே பசையுள்ள ஹீட் ஸ்லீவை ஏற்றி லைட்டரால் சுருக்கினேன். ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை பிதுங்கி வந்தால் ஈரம் புகாது என்று அர்த்தம். ஒயரின் நிறமும் முக்கியம். கம்பெனி ஒயரிங் கட்டுக்குள் பளிச்சென்று புது சிவப்பு ஒயர் ஒன்று ஓடினால், டாஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடிக்கிறவர் அதைப் பிடித்துக்கொண்டே சுவிட்ச் வரை போய்விடுவார். கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் பழைய உதிரி பாகக் கடையில் வேறொரு வண்டியின் ஒயரிங் செட்டிலிருந்து அதே நிற ஒயர் ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். பழைய கறுப்புத் துணி டேப்பைப் பிரித்து உள்ளே சேர்த்து மறுபடி சுற்றியதில் வேலை நடந்த அடையாளமே இல்லை.

சுவிட்ச் எங்கே என்று எழுதப் போவதில்லை. ஓட்டுபவரின் முழங்கால், பை, குழந்தையின் கை எதுவும் தற்செயலாகப் படாத இடம் என்பது மட்டும் அவசியம். ஓடும்போது பம்ப் நின்றால் எஞ்சின் நிற்கும், பிரேக்கும் கனத்துவிடும், இறக்கத்தில் அது ஆபத்து. வீட்டில் ஓட்டுகிற இன்னொருவருக்கும் இடம் தெரிந்திருக்க வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது சாவி போட்டால், குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் எஞ்சின் சில நொடிகள் ஓடிவிட்டு இருமி நின்றுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. பெட்ரோல் தீர்ந்த வண்டி என்றே யாருக்கும் தோன்றும்.

ஜிப்ஸிக்காரர்கள் சொல்லும் இன்னொரு யோசனை உண்டு: டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லிவரை நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கு, கியர் போட்டாலும் வண்டி நகராது, எடுக்க வந்தவர் குழம்பிவிடுவார் என்று. உண்மைதான், நகராது. ஆனால் மலையில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. முதல் கியரில் போட்டு நிறுத்தியிருக்கிறோம் என்ற நம்பிக்கை வீண், கை பிரேக் ஒன்றுதான் வண்டியைப் பிடித்திருக்கும். ஈரத்தில் அந்தக் கேபிள் கொஞ்சம் இளகினாலும் வண்டி தேயிலைச் சரிவில் இறங்கிவிடும். கியரில் போட்டு, சக்கரத்தைக் கரைப் பக்கம் திருப்பி, பின்னால் ஒரு கல் வைப்பது இங்கே எல்லோரும் செய்வது. அதை எந்தப் பூட்டுக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இப்போது பெட்டி. பக்கத்து ஊரில் ஒரு ஜீப்பின் படுதாவைக் கிழித்து ஜாக்கி, ஸ்பேனர் செட், ஒரு மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாவற்றையும் எடுத்துப் போயிருந்தார்கள். கத்தரியும் ஸ்பிரேயருமாக என் வண்டியிலும் அதே மாதிரி சாமான்தான் கிடக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பூட்டோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே 2 மில்லி தகட்டில் 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 35 உயரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். பின்பக்கம், முன் சீட்டுகளுக்கு முதுகு கொடுத்தபடி குறுக்கே உட்காரும். வெறும் பெட்டியே கிட்டத்தட்ட 26 கிலோ வரும். ஒரு டன் எடையுள்ள வண்டிக்கு அது கணக்கில் வரும் பாரம்தான், அதனால் 3 மில்லி தகடு வேண்டாம் என்று பட்டறை அண்ணனிடம் சொன்னேன். "2 மில்லியே போதுங்க, ஓரத்தை மடிச்சுட்டா கடப்பாரை போகாது" என்றார் அவரும்.

அவர் செய்த மடிப்புதான் இந்தப் பெட்டியின் உயிர். மூடி, பெட்டியின் வாய்க்கு மேலே வெறுமனே உட்காரவில்லை. நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கி, பெட்டியின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. கம்பி நுழைக்க இடுக்கு இல்லை. கீல் உள்பக்கம், வெளியே அறுக்க ஒன்றும் தெரியாது. கொண்டியைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் கூடு வைத்து, அதற்குள் பூட்டின் வளைவு முழுக்க மறையும்படி செய்தார். கட்டர் வைக்க இடம் கிடைக்காது. பூட்டை மாட்ட விரலை மடக்கி உள்ளே விட வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தை நான் சந்தோஷமாகப் படுகிறேன்.

தரையில் துளை போடும் முன் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பது கட்டாயம். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், ஒயரிங், டேங்க் எங்கெங்கே போகின்றன என்று சாக்பீஸால் கீழிருந்தே குறித்துக்கொண்டோம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சின்ன துளை ஒன்று போட்டு, கம்பி விட்டுச் சரிபார்த்து, அப்புறம்தான் பெரிய துளை. நான்கு 10 மில்லி ஹை டென்சைல் போல்ட். தரைத் தகடு மெல்லியது, வெறும் வாஷர் வைத்தால் இழுக்கும்போது கிழிந்து வந்துவிடும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே 75 மில்லி சதுரத்தில் 5 மில்லி தகடு ஒன்று கொடுத்து, போல்ட் தலையை அந்தத் தகட்டோடு வெல்டிங் செய்துவிட்டோம். இந்த வெல்டிங்கைப் பட்டறை மேசையில் வைத்து முடித்தபிறகே வண்டிக்குக் கொண்டுபோனோம், டேங்குக்குப் பக்கத்தில் தீப்பொறி பறக்கக் கூடாது. நட்டு பெட்டிக்கு உள்ளே வருகிறது. மூடி பூட்டியிருக்கும் வரை அதில் ஸ்பேனர் போட முடியாது, கீழே போய்த் திருப்பவும் தலை சுற்றாது. இந்தப் பிடிமானம் திருட்டுக்கு மட்டும் இல்லை. பெரிய பிரேக் போடும்போது சாமானோடு சேர்ந்து நாற்பது கிலோ இரும்பு நம் முதுகுக்குப் பறந்து வராமல் இருப்பதற்கும் அதுதான்.

துளையின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட், காய்ந்த பிறகு சீலன்ட். இந்த ஊரில் பெயின்ட் படாத ஒரு துளி இரும்பு அடுத்த மழைக்குள் பொரிந்துவிடும்.

ஸ்டெப்னி பின்கதவில் வெளியே தொங்குவதால் அதன் நட்டுகளில் ஒன்றை மட்டும் தனி சாவி போட்டுக் கழற்றும் நட்டாக மாற்றினேன். அந்தச் சாவி பெட்டிக்குள் ஜாக்கியோடு கட்டியிருக்கிறது, இன்னொன்று வீட்டில். பெட்ரோல் டேங்க் மூடிக்கும் பூட்டு.

ஜி.பி.எஸ். டிராக்கர் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வைத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி மற்றதை விடவில்லை. அது வண்டி போன பிறகு எங்கே போனது என்று சொல்லும் பொருள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் சிக்னல் விட்டு விட்டு வரும், அந்த இடைவெளியில் வண்டி எங்கே என்று போனில் தெரியாது. உள்ளே தனி பேட்டரி உள்ளதாகவும், சிக்னல் இல்லாதபோது இடங்களைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புவதாகவும் பார்த்து வாங்குங்கள். நின்றிருக்கும்போது எனது டிராக்கர் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. நாளைக்கு அரை ஆம்பியர்-அவர்கூட இல்லை. பத்து நாள் வண்டியை எடுக்காவிட்டாலும் பேட்டரிக்குக் கவலை இல்லை. வாகனங்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் இன்சூரன்ஸில் சொந்தச் சேதப் பகுதிக்கு 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்பது பழைய மோட்டார் கட்டண விதியில் உண்டு. சின்னத் தொகைதான், புதுப்பிக்கும்போது கேட்டுப் பாருங்கள்.

மேம்பாடுகளில் முதலிடம் ஹெட்லைட்டுக்கு. ஜூலை மாத மூடுபனியில் விளக்கு மங்கலாக இருப்பதைப் பார்த்து எல்லோரும் எல்.இ.டி. பல்பு போடச் சொன்னார்கள். ஹாலஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் வெளிச்சம் கண்டபடி சிதறும். பனியில் அது நம் கண்ணுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும், எதிரே வரும் பஸ் டிரைவருக்கும் கண் கூசும். முதலில் மல்டிமீட்டரை எடுத்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட். பல்பின் முனையில் 12.1. மிச்சம் 1.8 வோல்ட், பழைய சுவிட்சிலும் மெல்லிய ஒயரிலும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும், 10 சதவீதம் குறைந்தால் கிட்டத்தட்ட 30 சதவீத வெளிச்சம் போய்விடும். எனக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் ஒயரிலேயே செத்துக்கொண்டிருந்தது.

30 ஆம்பியர் ரிலே இரண்டு, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ரிலே வரை 4 சதுர மில்லி ஒயர், அங்கிருந்து பல்பு வரை 2.5. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். பழைய சுவிட்ச் இனி ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் விளக்கு சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும், அதனால் இணையத்தில் கிடைக்கும் படத்தை அப்படியே பின்பற்றாமல், ரிலே மாட்டும் முன் எந்தப் பக்கம் அறுபடுகிறது என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் ஒயரையும் புதிதாகப் போட்டேன். முடித்தபின் பல்பு முனையில் 13.6. அதே 60/55 வாட் பல்புதான், சாலையின் ஓரக் கல் இப்போது தெளிவாகத் தெரிகிறது.

ஸ்டீயரிங் நடுக்கம் இன்னொரு பழைய கதை. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கைக்குள் உதறும். அதிர்வை அடக்கும் புது டேம்பர் போட்டால் நின்றுவிடும் என்பார்கள். நிற்கும், ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். முன் அச்சை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இருந்தது. ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினேன். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். மிதித்தும் ஆடினால், முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னின் பேரிங். எனக்கு மிதித்தும் ஆடியது. பேரிங் மாற்றி, ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் குறைத்து இறுக்கம் வைத்து, கூடவே அங்கே எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் நக்கிள் சீல் வளையத்தையும் மாற்றினோம். நடுக்கம் போய்விட்டது, டேம்பர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

டயரை மட்டும் பெரிதாக்கவில்லை. 205/70 R15-க்குப் பதில் 215/75 R15 போட்டால் விட்டம் 668 மில்லியிலிருந்து 703-க்குப் போகும், 5 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63-ல் போய்க்கொண்டிருப்போம். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் தோள் வலிக்கும், மூட்டையோடு ஏறும்போது கிளட்ச் தேயும். அதே அளவில் ஆல் டெரெய்ன் பூ உள்ள டயர் வாங்கினேன். செம்மண் சேற்றில் பிடி நன்றாகவே இருக்கிறது. நாலு சக்கர ஓட்டத்தைச் சேற்றிலும் சரளையிலும் மட்டும் போடுகிறேன். நடு டிஃபரென்ஷியல் (முன், பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாத வண்டியில் காய்ந்த தார் ரோட்டு வளைவில் அதைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும்.

கடைசி வேலை எல்லாவற்றிலும் மலிவானது. எங்கள் பாதையில் மழைக்காலத்தில் ஒரு ஓடை குறுக்கிடும். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். அச்சுக் கூட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். முன், பின் அச்சுகளின் பிரீதரைக் கழற்றி, அந்த இடத்தில் குழாய் முனை வைத்து, பெட்ரோல் தாங்கும் ரப்பர் ஹோஸை மேலே இழுத்தேன். முன்னதை எஞ்சின் அறைக்குள் உயரத்திலும், பின்னதை டெயில் லைட்டுக்குப் பின்னாலும் கட்டி, நுனியில் ஆளுக்கொரு சின்ன ஃபில்டர். பின் அச்சு மேலும் கீழும் ஆடுவதால் ஹோஸுக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும், சைலன்சர் குழாயில் படவும் கூடாது. மொத்தச் செலவு சில நூறு ரூபாய். மழை முடிந்ததும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தேன். எண்ணெயில் வெளுப்பே இல்லை. இரும்புத் தூளும் விரலில் உறுத்தவில்லை. அதனால் இந்த முறை எண்ணெயை மாற்றாமல் போல்ட்டுக்குப் புது வாஷர் மட்டும் போட்டு மூடிவிட்டேன்.